12 நிமிடம், 5 லட்சம் ரிங்கிட்: மலேசியாகினி வாசகர் கருத்து வழக்கு

2020 ஜூன் 9 அன்று மலேசியாவின் இணையச் செய்தித்தளமான மலேசியாகினியில் வந்த அந்தச் செய்தியில் சண்டைக்கு இடமே இல்லை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டால் முடங்கிக் கிடந்த நீதிமன்றங்கள் ஜூலை 1 முதல் முழுமையாக இயங்க வேண்டும் என்று தலைமை நீதிபதி தெங்கு மைமூன் துவான் மாட் உத்தரவிட்டிருக்கிறார். விஷயம் இவ்வளவுதான். எந்த நிருபரும் அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற ரகம். அதன் கீழே ஐந்து வாசகர்கள் போட்ட கமென்ட்கள்தான் எட்டு மாதம் கழித்து அந்தத் தளத்தின் தலையில் 5 லட்சம் ரிங்கிட் அபராதமாக விழுந்தன.

நீதிமன்றம் திறக்கும் செய்திக்கு ஏன் அவ்வளவு கோபம்? அதே நாளில் வந்த இன்னொரு செய்தியையும் சேர்த்துப் படித்தால்தான் புரியும். சபா மாநில முன்னாள் முதலமைச்சர் மூசா அமான் மீது வெட்டுமரச் சலுகைகள் தொடர்பாக 46 குற்றச்சாட்டுகள் இருந்தன. 30 ஊழல், 16 பண மோசடி. ஜூன் 9 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அத்தனையிலிருந்தும் அவரை விடுவித்தது. மே மாதம்தான் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்குடைய மனைவியின் முதல் மணத்து மகன், 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் தொடர்பான வழக்கிலிருந்து விடுபட்டிருந்தார். பிப்ரவரியில் பக்காத்தான் கூட்டணி அரசு கவிழ்ந்து, மார்ச் 1 அன்று முகைதீன் யாசின் பிரதமராகியிருந்தார். ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சி போச்சு, அந்த ஆட்சி போட்ட வழக்குகளும் ஒவ்வொன்றாகப் போகின்றன என்ற புகைச்சல் ஊரெல்லாம் இருந்தது. அந்த மனநிலையில் இருப்பவர் கண்ணில் 'ஜூலை 1 முதல் நீதிமன்றங்கள் முழுமையாக இயங்கும்' என்று பட்டால், இன்னும் யார் யாரையெல்லாம் விடுவிக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பார். ஐந்து பேரும் ஏறக்குறைய அதைத்தான், அதைவிடக் கொச்சையாகக் கேட்டார்கள். நீதிபதிகள் விலைபோனவர்கள் என்றார்கள், தலைமை நீதிபதியையும் இழுத்தார்கள்.

இங்கே ஒரு முரண் உண்டு. மூசா அமானை நீதிபதி சாட்சி விசாரித்து, எடைபோட்டு விடுவிக்கவில்லை. குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற்றது அரசுத் தரப்பு, அதாவது சட்டத்துறைத் தலைவர் அலுவலகம். வாசகர்கள் ஆளை மாற்றித் திட்டிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மலேசியாகினி மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்குக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டது அதே சட்டத்துறைத் தலைவர் இட்ருஸ் ஹருண். கமென்ட் பெட்டியில் நிதானமாக ஒருவர் வந்து, 'அண்ணே, வழக்கை வாபஸ் வாங்கினது கோர்ட் இல்ல' என்று சொல்லியிருந்தால் விவாதம் சரியான திசைக்குப் போயிருக்கும். அப்படிச் சொல்கிறவர்கள் பொதுவாக நாற்பதாவது கமென்டாகத்தான் வருவார்கள்.

ஜூன் 12 அன்று காவல்துறையிலிருந்து தளத்துக்குத் தகவல் போனது. தகவல் கிடைத்த 12 நிமிடத்தில் ஐந்து கமென்ட்களும் நீக்கப்பட்டன. ஜூன் 15 அன்று மனு. 17 அன்று அனுமதி. அந்த அனுமதியை ரத்து செய்யக் கேட்ட மலேசியாகினியின் கோரிக்கை ஜூலை 2 அன்று தள்ளுபடியானது. ஜூலை 13 அன்று விசாரணை, தீர்ப்பு ஒத்திவைப்பு. 2021 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு. இவை எல்லாமே நாட்டின் உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றத்தில் நேரடியாக நடந்தன. கீழே ஒரு நீதிமன்றம் விசாரித்து, மேலே இன்னொன்று சரிபார்க்கும் வழக்கமான படிக்கட்டு இதில் இல்லை. மேல்முறையீடு செய்ய மேலே எதுவும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும்.

பிரதிவாதிகள் இரண்டே பேர்: தளத்தை நடத்தும் எம்கினி டாட்காம் நிறுவனம், தலைமை ஆசிரியர் ஸ்டீவன் கான். கமென்ட் எழுதிய ஐவரில் ஒருவர்கூட இந்த வழக்கில் இல்லை.

வாசகர் எழுத்தால் வந்த முதல் வம்பு அல்ல இது

ஸ்டீவன் கானும் பிரேமேஷ் சந்திரனும் 1999 நவம்பரில் மலேசியாகினியைத் தொடங்கினார்கள். அச்சுப் பத்திரிகை நடத்த ஆண்டுதோறும் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருந்த காலம். இணையத்துக்கு அது தேவைப்படவில்லை. வெளிநாட்டுத் தொழில்நுட்ப முதலீட்டை இழுப்பதற்காக மகாதீர் அரசு, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்திருந்தது. கணினிக் கம்பெனிகளுக்காகத் திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் செய்தித்தளம் உள்ளே வந்தது. ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு ஒரு கட்டத்தில் தமிழிலும் செய்தி வெளியிட்டார்கள்.

2003 ஜனவரியில் காவல்துறை அலுவலகத்துக்குள் புகுந்து 19 கணினிகளை அள்ளிச் சென்றது. காரணம் அப்போதும் வாசகர் கடிதம்தான். புனைபெயரில் வந்த அந்தக் கடிதம், அப்போதைய ஆளுங்கட்சியான அம்னோவின் இளைஞர் பிரிவை அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளானோடு ஒப்பிட்டது. ஆனால் கடிதத்துக்கும் கமென்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கடிதத்தை ஆசிரியர் படிக்கிறார், தேர்ந்தெடுக்கிறார், திருத்துகிறார், பிறகு வெளியிடுகிறார். கமென்ட் தானாக ஏறுகிறது, யாராவது சொன்னால்தான் ஆசிரியருக்கே தெரிகிறது. 2021 தீர்ப்பு கடைசியில் இந்த வித்தியாசத்தைத்தான் அழித்தது.

114ஏ

வழக்கின் அச்சாணி 1950 சாட்சியச் சட்டத்தில் 2012 ஜூலை 31 அன்று நடைமுறைக்கு வந்த 114ஏ பிரிவு. ஒரு பதிவில் உரிமையாளராக, நிர்வாகியாக, ஆசிரியராகப் பெயர் உள்ளவர், அல்லது அது வெளியாக எந்த வகையிலாவது வழிசெய்து கொடுத்தவர், மாறாக நிரூபிக்கும்வரை அதை வெளியிட்டவராகவே கருதப்படுவார். இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் இதே கதிதான். மாமாக் கடைக்காரர், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக் கடைக்காரர், வைஃபை கொடுக்கிறார், மூலை மேசையில் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டிருப்பவர் எதையோ எழுதுகிறார் என்றால், நான் எழுதவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலில் கடைக்காரருடையது.

2012 ஆகஸ்ட் 14 அன்று இதற்கு எதிராக மலேசிய இணையதளங்கள் பலவும் திரையைக் கறுப்பாக்கிப் போராடின. அப்போது பிரதமராக இருந்த நஜிப், அமைச்சரவையை இதைப் பரிசீலிக்கச் சொல்லியிருப்பதாக அன்றே ட்வீட் போட்டார். அமைச்சரவை பரிசீலித்தது. சட்டம் அப்படியே இருந்தது.

நிரூபணச் சுமை யார் தோளில் என்பது வழக்கறிஞர்களின் வறட்டு விவாதம் போலத் தோன்றும். கமென்ட் பகுதி நடத்துகிறவருக்கோ முழு வாழ்க்கையும் அதில்தான். நீதிமன்ற அவமதிப்பு மலேசியாவில் குற்றவியல் தன்மை கொண்டது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதை நிரூபிக்க வேண்டும். 114ஏ வந்ததும் அதன் முதல் கட்டமான 'வெளியிட்டவர் இவர்தான்' என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதே இல்லை என்றாகிவிட்டது. தனக்குத் தெரியாது என்பதை ஒருவர் எப்படி நிரூபிப்பார்?

ஃபில்டர் எதைப் பிடிக்கும்

மலேசியாகினி தன் ஏற்பாட்டை நீதிமன்றத்தில் விளக்கியது. சந்தா கட்டியவர்தான் கமென்ட் போட முடியும். சேரும்போதே விதிமுறைகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்ட வார்த்தைகளைத் தடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் தப்பியதை மற்ற வாசகர்கள் புகார் செய்யலாம், புகார் வந்தால் ஆசிரியர் குழு பார்த்து நீக்கும். முன்கூட்டியே படித்துப் பார்த்து ஏற்றும் முறை கிடையாது.

இப்படி ஒரு மென்பொருளை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் அறிவு எவ்வளவு என்று தெரியும். அது சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிடும். ஆபாசச் சொல் இருந்தால் பிடிக்கும். 'ஆகா, என்ன அருமையான தீர்ப்பு, நீதிபதி வீட்டில் இன்று விருந்தா?' என்று எழுதினால் அதில் பிடிக்க என்ன இருக்கிறது? தீர்ப்பு, நீதிபதி, வீடு, விருந்து எல்லாமே நல்ல சொற்கள். நீதிபதி என்ற சொல்லைப் பட்டியலில் போட்டால் நீதிமன்றச் செய்தி எதற்கும் யாரும் எதுவும் எழுத முடியாது. இது போதாதென்று மலேசிய வாசகர் ஒரே வரியில் ஆங்கிலமும் மலாயும் கலந்து, நடுவில் தமிழிலோ ஹொக்கியன் சீனத்திலோ ஒரு வசவைச் செருகுவார். எழுத்தை மாற்றி, புள்ளி வைத்து, எண் கலந்து ஏமாற்றுவார். அவமதிப்பு சொல்லில் இருப்பதில்லை, தொனியில் இருக்கிறது. 2020இல் எந்தச் செய்தித்தளத்திலும் தொனியைப் பிடிக்கும் கருவி இருக்கவில்லை.

புகார் பொத்தானும் அப்படித்தான். அரசியலில் வாசகர்கள் எல்லாரும் ஒரே கோபத்தில் இருக்கும் நாளில், தனக்குப் பிடித்த கமென்டை யார் புகார் செய்வார்? அந்தக் கமென்ட்கள் மூன்று நாள் அங்கே கிடந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அந்தச் செய்தியின் வாசகர்களுக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை.

ஆறு பேர், ஒருவர்

ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர் ரோஹானா யூசுப். பெரும்பான்மைத் தீர்ப்பும் அவருடையது. அதன் சாரம்: கமென்ட் போடும் இடத்தை வடிவமைத்தது நீங்கள், எது இருக்கலாம் எது போகலாம் என்ற கட்டுப்பாடு உங்களிடம், அதனால் வரும் பலனும் உங்களுக்கு. நீங்கள் வைத்த தடுப்பு ஏற்பாடு தோற்றுவிட்டது. அப்படியிருக்க எழுதியவர்களைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. காவல்துறை சொன்ன பிறகு நீக்கியது போதாது. தெரியாது என்பதும் எடுபடாது, தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீவன் கான் தனிப்பட்ட முறையில் வெளியிட்டதாக நிரூபணமாகவில்லை என்று அவரை விடுவித்து, நிறுவனத்தை மட்டும் குற்றவாளி என்றார்கள்.

மாறுபட்டவர் ஒரே ஒருவர், நீதிபதி நளினி பத்மநாதன். 114ஏ தருவது ஊகத்தை மட்டுமே, அதை உடைக்கலாம், இங்கே உடைந்துவிட்டது என்றார் அவர். வெளியிட்டவர் என்று சொல்ல, அந்த உள்ளடக்கம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும், வெளியிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும். மலேசியாகினிக்குத் தெரிந்தது ஜூன் 12 அன்று, தெரிந்ததும் உடனே நீக்கிவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்தவன் பேசியதற்கு வீட்டுக்காரனைக் கேட்பதா என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். எனக்கும் நளினி பத்மநாதன் சொன்னதே சரி என்று படுகிறது. ஆனால் பெரும்பான்மைத் தரப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளவும் முடியவில்லை. இந்தத் திண்ணைக்குக் கட்டணம் உண்டு. கமென்ட் போடும் உரிமை சந்தாவோடு சேர்த்து விற்கப்படுகிறது. வாசகர் கருத்துகளைத் தொகுத்து 'யுவர்சே' என்று தனிப் பகுதியே மலேசியாகினி வெளியிட்டு வந்தது, ஆகவே ஆசிரியர் மேசைக்குக் கமென்ட்கள் அந்நியமும் இல்லை. நன்றாக இருக்கும் கமென்டை எடுத்துக் கட்டுரையாக்குவோம், மோசமாக இருப்பது எங்கள் கண்ணில் படாது என்று சொன்னால் எந்த நீதிபதிக்கும் புருவம் உயரும்.

எனக்கு இடறும் இடம் வேறு. பொறுப்பு உண்டு என்று சொல்வது ஒன்று. அது எந்த நொடியில் தொடங்குகிறது என்று சொல்லாமல் விடுவது வேறு. 'தெரிந்தபின் உடனே நீக்கு' என்றால் நடத்துகிறவருக்கு ஒரு கடிகாரம் கிடைக்கிறது. 'தெரிந்திருக்க வேண்டும்' என்றால் அந்தக் கடிகாரம் கமென்ட் ஏறிய நொடியிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.

எஸ்தோனியாவிலிருந்து கடன் வாங்கியது

பெரும்பான்மைத் தீர்ப்பு துணைக்கு அழைத்த வழக்குகளில் முக்கியமானது டெல்ஃபி. எஸ்தோனியாவில் குளிர்காலத்தில் கடல் உறைந்ததும், கரைக்கும் தீவுகளுக்கும் இடையே பனிக்கட்டி மேலேயே கார் ஓட்ட அரசு பாதை திறந்துவிடும். படகுக் கட்டணம் மிச்சம். மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டு, இல்லாவிட்டால் 40க்கும் 70க்கும் இடையில் ஓட்டு, சீட் பெல்ட் போடாதே என்றெல்லாம் அதற்கு விதி இருக்கிறது. 2006 ஜனவரி 24 அன்று டெல்ஃபி செய்தித்தளம், ஒரு படகு நிறுவனம் அப்படித் திட்டமிட்ட பனிப்பாதையை நாசமாக்கிவிட்டது என்று எழுதியது. இரண்டு நாளில் 185 கமென்ட்கள். அவற்றில் சுமார் 20 அந்த நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரரை மிரட்டியும் இழிவாகவும் பேசின. மார்ச் 9 அன்று அவருடைய வழக்கறிஞர்கள் எழுதியதும் டெல்ஃபி அன்றே நீக்கியது, நஷ்டஈடு மட்டும் தர மறுத்தது. வழக்கு எஸ்தோனிய உச்ச நீதிமன்றம்வரை போய், ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2015 ஜூன் 16 அன்று 15க்கு 2 என்ற கணக்கில், டெல்ஃபியைப் பொறுப்பாக்கியது கருத்துச் சுதந்திரத்தை மீறவில்லை என்று தீர்ப்பு வந்தது.

பெயரளவில் இரண்டும் ஒரே மாதிரி வழக்குகள். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. டெல்ஃபியில் கமென்ட்கள் ஆறு வாரம் கிடந்தன, மலேசியாகினியில் மூன்று நாள். அங்கே தனிமனிதர் மீதான வன்முறை மிரட்டலும் வெறுப்புப் பேச்சும், இங்கே அரசமைப்பின் ஓர் அங்கத்தின் மீதான வசவு. அங்கே உரிமையியல் வழக்கு, இங்கே குற்றவியல் தன்மையுள்ள அவமதிப்பு. அங்கே கடைசியில் கட்டச் சொன்ன தொகை சுமார் 320 யூரோ. எட்டே மாதத்தில், 2016 பிப்ரவரியில், ஹங்கேரித் தளங்களின் வழக்கில் அதே ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம், கமென்ட் கொச்சையாக இருந்தாலும் வெறுப்புப் பேச்சு இல்லையென்றால் தளத்தைத் தண்டிப்பது தவறு என்று டெல்ஃபிக்கு எல்லை போட்டுவிட்டது. மலேசியாகினியில் வந்த ஐந்து கமென்ட்களை இந்த இரண்டில் எதன் பக்கத்தில் வைப்பீர்கள்? நான் ஹங்கேரி பக்கத்தில்தான் வைப்பேன்.

இந்தியாவில் கதை வேறு பாதையில் போனது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே தீர்ப்பு, பிறர் எழுதியதற்குத் தளங்களுக்குப் பாதுகாப்பு தரும் 79ஆவது பிரிவையும் சுருக்கிப் படித்தது பலருக்கு நினைவிருக்காது. நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிக்கையோ வந்தால்தான் பிறர் எழுதுவதை ஏற்றும் இடைநிலைத் தளத்துக்கு 'தெரியும்' என்று பொருள். அவமதிப்பில் மட்டும் நம்மவர்களும் மலேசியாவுக்குச் சளைத்தவர்கள் அல்ல. மலேசியாகினி தீர்ப்புக்காகக் காத்திருந்த 2020 ஆகஸ்டில்தான் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு இரண்டு ட்வீட்களுக்காக இந்திய உச்ச நீதிமன்றம் அபராதம் போட்டது. தொகை 1 ரூபாய். 'நீதிமன்றத்தை இழிவுபடுத்துதல்' என்ற குற்றத்தை இந்த இரு நாடுகளுக்கும் தந்த இங்கிலாந்து, 2013இல் தன் வீட்டில் அதை ஒழித்துவிட்டது.

தொகை

அரசுத் தரப்பு கேட்டது 2 லட்சம் ரிங்கிட். நீதிமன்றம் விதித்தது 5 லட்சம், அதுவும் சில நாள் கெடுவில். கமென்ட்கள் நாட்டுக்கு வெளியேயும் போய்ச் சேர்ந்தன என்பது கணக்கில் எடுக்கப்பட்டது. இணையத்தில் எது போய்ச் சேராது என்று கேட்கத் தோன்றுகிறது. வழக்குத் தொடுத்தவர் கேட்டதைப் போல இரண்டரை மடங்கு தண்டித்தபோது, 12 நிமிடத்தில் நீக்கியதும் வருத்தம் தெரிவித்ததும் எடைக்கு வந்ததாகவே தெரியவில்லை.

தீர்ப்பு வந்த அன்றே மலேசியாகினி வாசகர்களிடம் கையேந்தியது. சில மணி நேரத்தில் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது, அதற்கு மேலும் வந்தது. தளத்துக்கு வந்த வினையும் வாசகர்களால், காப்பாற்றியதும் வாசகர்கள். பலரும் இதை வெற்றிக்கதையாகச் சொல்கிறார்கள். இருபது வருடம் பெயர் சம்பாதித்த தளத்துக்கு அது நடந்தது. ஈப்போவில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்துக்கு இதே அபராதம் வந்தால் அன்றே கடையைக் கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்டவர்கள் வழக்குவரை போக மாட்டார்கள், கமென்ட் பெட்டியை மூடிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் 2021 செப்டம்பரில், ஃபேஸ்புக் பக்கத்தில் மற்றவர்கள் போடும் கமென்டுக்கு ஊடக நிறுவனமும் வெளியீட்டாளரே என்று அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் சொன்னதும், சிஎன்என் அளவுக்குப் பெரிய நிறுவனமே அங்கே தன் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்க்க முடியாமல் செய்தது. பெரியவர்களே ஒதுங்கும்போது சின்னவர்களைச் சொல்லி என்ன?

விவாதமும் அதோடு நிற்பதில்லை. செய்திக்குக் கீழே பெயரும் சந்தாவும் கொடுத்து எழுதிக்கொண்டிருந்தவர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறார். அங்கே ஆசிரியரும் இல்லை, ஃபில்டரும் இல்லை, வழக்கை வாபஸ் வாங்கியது யார் என்று திருத்தம் சொல்லும் நாற்பதாவது ஆளும் இல்லை.

அந்த ஐந்து வாசகர்களின் ஊகம் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவமதிப்பு விசாரணை முடிந்து சரியாகப் பதினைந்தாவது நாள், 2020 ஜூலை 28 அன்று, அவர்கள் திட்டித் தீர்த்த நீதித்துறையின் உயர் நீதிமன்றம் ஒன்று முன்னாள் பிரதமர் நஜிப்பை, 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சியின் பணம் தொடர்பான வழக்கில் குற்றவாளி என்றது. 2022 ஆகஸ்ட் 23 அன்று அதை உறுதிசெய்து அவரைக் காஜாங் சிறைக்கு அனுப்பிய கூட்டரசு நீதிமன்ற அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தெங்கு மைமூன்தான். கமென்ட் போட்டவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது தப்பு என்று காட்ட அந்த இரண்டு தீர்ப்புகளே போதுமாக இருந்தன.

நளினி பத்மநாதனின் தீர்ப்பு மாறுபட்ட தீர்ப்பாகவே ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் இருப்பது பெரும்பான்மை சொன்னதுதான், 114ஏவும் அப்படியே நிற்கிறது. 12 நிமிடம் போதவில்லை என்றால் எத்தனை நிமிடம் போதும் என்பதற்கு அந்தத் தீர்ப்பில் எண் எதுவும் இல்லை. ஒவ்வொரு கமென்டையும் படித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வியை மலேசியாவில் செய்தித்தளம் நடத்தும் ஒவ்வொருவரும் தன் வழக்கறிஞரிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.